சில ஆயிரம் ரூபாய் சென்சார் காற்றில் எதைப் பார்க்கிறது?

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஊரின் காற்றை இரவும் பகலும் அளக்க மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம், இராயபுரம், கொடுங்கையூர் என விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அரசு நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள கருவிகள் தரமானவை. அவற்றின் எண்களை நம்பலாம். ஆனால் வேளச்சேரி நிலையம் சொல்லும் எண், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பேருந்துகள் நின்று நின்று கிளம்பும் சிக்னலுக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்துக் காற்றைச் சொல்லாது. ஒரு தெருமுனையில் இரவு பத்து மணிக்குக் குப்பை எரிந்தால் அதுவும் அந்த எண்ணில் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் மலிவு விலைச் சென்சார்கள் உதவுகின்றன. சென்சார், கட்டுப்பாட்டுப் பலகை, ஈரப்பத அளவி, பெட்டி எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஒரு வார இறுதியில் பொருத்தி ஓட விட்டுவிடலாம். திரையில் எண்ணும் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தினால், இல்லாத மாசை இருக்கிறது என்போம். இருக்கும் மாசைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆகவே பாகங்களுக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிடுவோம்.

எடையும் வெளிச்சமும்

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள துகள்களின் எடை. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்வார்கள். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். அதை 28 கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுதான் இந்தத் துகளின் மேல் எல்லை. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை; நுரையீரலின் அடிவரை போய்விடும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘எடை’. அரசு நிலையங்களில் பெரும்பாலும் இருக்கும் பீட்டா கதிர்க் கருவி, நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுத்து, சூடாக்கி உலர்த்தி, ஒரு வடிதாள் நாடாவில் துகள்களைப் படிய வைக்கிறது. நாடாவின் வழியே போகும் பீட்டா கதிர் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து படிந்த எடையைக் கணக்கிடுகிறது. விலை பல லட்சம்.

மலிவு விலைச் சென்சார் எதையும் எடை போடுவதில்லை. ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்சாருக்குள் நடப்பதும் அதேதான். சிறு விசிறி காற்றை இழுக்கிறது. துகள்கள் லேசர் ஒளியைக் கடக்கின்றன. சிதறும் வெளிச்சத்தை ஓர் ஒளிக்கண் பார்க்கிறது. எவ்வளவு வெளிச்சம், எத்தனை துடிப்பு என்பதை வைத்து, துகள்களின் அளவு இப்படி இருக்கும், அடர்த்தி இப்படி இருக்கும் என்று தயாரிப்பாளர் எழுதி வைத்த ஒரு கணக்கு எடையை ஊகிக்கிறது. தொழிற்சாலையில் எந்தத் துகளை வைத்து அந்தக் கணக்கைச் சரிபார்த்தார்களோ, அதே மாதிரியான துகள்தான் உங்கள் தெருவிலும் பறக்கிறது என்று சென்சார் எடுத்துக்கொள்கிறது. டீசல் புகை, கடல் உப்பு, செங்கல் தூள், ஊதுவத்திப் புகை எல்லாம் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஈரப்பதம் செய்யும் வேலை

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் மிதக்கும் துகள்களில் சல்பேட், நைட்ரேட், உப்பு போன்றவை நீரை ஈர்ப்பவை. விடியற்காலையில் ஈரப்பதம் 85, 90 விழுக்காட்டைத் தொடும்போது அவை நீரை உறிஞ்சி ஊதிப்போகின்றன. சமையல் உப்பு ஏறக்குறைய 75 விழுக்காட்டில் கரைந்தே துளியாகிவிடும். ஊதிய துகள் அதிக வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சென்சார் ‘மாசு கூடிவிட்டது’ என்கிறது. கூடியது தண்ணீர். பீட்டா கதிர்க் கருவி காற்றை உலர்த்திவிட்டு அளப்பதால் அதற்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடலாம். ஈரப்பதத்தைப் பின்னமாக எழுதுங்கள் (90 விழுக்காடு என்றால் 0.9), அதை ஈ என்போம். துகளின் நீர் ஈர்க்கும் குணத்தைக் க என்போம். மிகைப்பு = 1 + (க ÷ 1.65) × ஈ ÷ (1 − ஈ). இதில் 1.65 என்பது உலர்ந்த துகளுக்கு எடுத்துக்கொண்ட அடர்த்தி.

நகரக் காற்றுக்குக் க = 0.4 என்று வைத்தால், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மிகைப்பு 1.24 மடங்கு. 70இல் 1.57. 90இல் 3.18. அதாவது விடியற்காலையில் சென்சார் 80 காட்டினால் உலர்ந்த எடை 25தான் இருக்கக்கூடும். மதியம் அதே சென்சார் 31 காட்டினாலும் அதே 25தான். வரைபடத்தில் ‘காலையில் மாசு கூடுகிறது, மதியம் குறைகிறது’ என்று அழகாகத் தெரியும்; அதில் ஒரு பங்கு உண்மை, ஏனெனில் இரவில் காற்று கலக்கும் உயரம் குறைந்து மாசு தரையோடு தேங்கும். மறு பங்கு வெறும் ஈரம். இரண்டையும் பிரிக்காமல் பேசக் கூடாது.

சூத்திரம் கையில் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். குப்பை, சருகு எரியும் புகையில் கரிமப் பொருள்தான் அதிகம். அதற்குக் க ஏறக்குறைய 0.1. அதே 90 விழுக்காட்டில் அது 1.55 மடங்குதான் மிகைப்படும். 0.4 போட்டுத் திருத்தினால் உண்மையான புகையைப் பாதியாகக் குறைத்துக் காட்டிவிடுவோம். போகி விடியல் சென்சாருக்கு மிகக் கடினமான நேரம் என்பது இதனால்தான். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைப்பட்டன. அத்தகைய காலையில் ஈரப்பதம் 100ஐ நெருங்க, மேலே உள்ள வகுத்தலில் கீழெண் சுழியாகி விடை எங்கோ போய்விடும். ஈரப்பதம் 95ஐத் தாண்டிய நேரத்து அளவுகளைத் திருத்தாமல், ‘நம்ப முடியாதவை’ என்று குறித்துத் தனியே வைப்பதே நேர்மை.

அது பார்க்காதவை

பரவலாகக் கிடைக்கும் மலிவு விலைச் சென்சாரான பிளான்டவர் பி.எம்.எஸ்.5003, பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் எடை) என்று ஓர் எண்ணையும் தரும். அதை நம்பாதீர்கள். பெரிய துகள்கள் அந்தக் குறுகலான காற்றுப் பாதையில் சரியாக உள்ளே வருவதில்லை. வந்தாலும் சென்சார் அவற்றைச் சரியாகப் பிரிப்பதில்லை. சிறு துகள்களின் எண்ணிக்கையை வைத்தே பெரும்பாலும் அந்த எண்ணை ஊகிக்கிறது. மெட்ரோ ரயில் பணி நடக்கும் இடத்தின் புழுதியை அளக்க வேண்டும் என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான். கீழ்ப்பக்கம் 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் பாதியைத்தான் எண்ணுகிறது. வாகனப் புகையில் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் அதைவிட நுண்ணியவை அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

வாயுக்கள் தனிக் கதை. எம்.க்யூ.135 என்ற மலிவான சென்சாரை ‘காற்றுத் தரச் சென்சார்’ என்று விற்கிறார்கள். அம்மோனியா, சாராய ஆவி, புகை எது பட்டாலும் அதன் மின்தடை மாறும். எதனால் மாறியது என்று பிரிக்க வழியில்லை. தெருக்காற்றை அளக்க அது ஆகாது. மின்வேதிச் சென்சார்கள் மேல். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் ஒன்றின் அளவில் மற்றது புகுந்துகொள்ளும், வெயில் ஏறினால் அடிமட்டமே நகரும். புதிதாகத் தொடங்குபவர்கள் பி.எம். 2.5ஓடு நிற்பது நல்லது.

பாகங்களும் இணைப்பும்

மூன்று சென்சார்கள் பரவலாகக் கிடைக்கின்றன. பி.எம்.எஸ்.5003 சிறியது, மலிவானது. நோவா எஸ்.டி.எஸ்.011 சற்றுப் பெரியது. 2015இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டம் இதை உலகெங்கும் பரப்பியது. இதன் லேசருக்கு 8,000 மணி நேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இடைவிடாமல் ஓட்டினால் ஒரு வருடம்கூட நிறையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினால் நான்கரை வருடம் வரும். சென்சிரியான் எஸ்.பி.எஸ்.30 விலை கூடுதல். வாரம் ஒருமுறை விசிறியை வேகமாகச் சுழற்றித் தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்ளும். பணம் இருந்தால் இதுவே நல்ல தேர்வு. கீழே சொல்வது பி.எம்.எஸ்.5003க்கு, மற்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு பெட்டிக்குத் தேவை: பி.எம்.எஸ்.5003 ஒன்று (அதன் மெல்லிய 8 முனை ஒயரும் மாற்றுப் பலகையும் சேர்த்தே வாங்குங்கள், சாதாரண ஜம்பர் ஒயர் அதில் நுழையாது), இ.எஸ்.பி.32 என்ற கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பி.எம்.இ.280 ஒன்று, 5 வோல்ட் 1 ஆம்பியருக்குக் குறையாத நல்ல அடாப்டர், 75 மில்லிமீட்டர் பி.வி.சி. எல்போ இரண்டு, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை.

பி.எம்.எஸ்.5003இன் விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும். ஆனால் அது பேசும் கோடு 3.3 வோல்ட். இ.எஸ்.பி.32ம் 3.3 வோல்ட் என்பதால் நேராக இணைக்கலாம்: சென்சாரின் அனுப்பும் முனையை இ.எஸ்.பி.32இன் 16ஆம் முனைக்கு, வேகம் நொடிக்கு 9600 பிட். ஒவ்வொரு தகவலும் 32 பைட். முதல் இரண்டும் எப்போதும் ‘பி’, ‘எம்’ எழுத்துகளின் குறியெண்கள். கடைசி இரண்டு, முந்தைய 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை. இந்தக் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்றால் அந்தத் தகவலைத் தூக்கி எறியுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் நடுவே பல ஆயிரம் மைக்ரோகிராம் என்றெல்லாம் எண் வரும். அப்புறம் தெருவில் ஏதோ எரிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சென்சாரின் உலோக உறை தரை முனையோடு இணைந்தது. வேறு பலகையின் மேல் அது பட்டால் ஷார்ட் ஆகும். உறையின் திருகுகளைக் கழற்றவே கழற்றாதீர்கள். உள்ளே லேசரும் ஒளிக்கண்ணும் நிற்கும் இடம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அளவு போய்விடும்.

பி.எம்.இ.280 என்ற பெயரில் பி.எம்.பி.280ஐ விற்பது சந்தையில் சாதாரணம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னதில் ஈரப்பதம் கிடையாது. சிப்பின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள்: 96 என்றால் சரியான பொருள், 88 என்றால் மாற்றித் தந்துவிட்டார்கள்.

பெட்டிக்குள்ளே காற்று போகும் வழி

சென்சாரின் உள்வாங்கும் துளையும் வெளிவிடும் துளையும் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இல்லையென்றால் வெளிவிட்ட காற்றையே மறுபடி உறிஞ்சும். அளவு எப்போதும் மெதுவாக, மந்தமாக மாறும். துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். இரண்டு எல்போவையும் சேர்த்துக் கவிழ்த்த ‘ப’ மாதிரி வைத்தால் இரு வாயும் தரையைப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் பக்கவாட்டில் அடித்தாலும் உள்ளே ஏறாது. வாயில் வலை கட்டாயம். சிலந்தி வலை பின்னிவிட்டால் எண் சுழியில் ஒட்டிக்கொள்ளும், அல்லது காரணமே இல்லாமல் எகிறும். பல்லியும் எறும்பும் உள்ளே வெதுவெதுப்பைத் தேடி வரும். இதைவிட மிக நெருக்கமான வலையும் ஆகாது, சில வாரங்களில் தூசி அடைத்துவிடும்.

ஈரப்பத அளவியை இ.எஸ்.பி.32இலிருந்து தள்ளி, காற்று வரும் வாயருகே வையுங்கள். பலகையின் சூட்டில் 30 டிகிரி காற்று 32 டிகிரி ஆனாலே, 90 விழுக்காடு ஈரப்பதம் 80 என்று தெரியும். மேலே பார்த்த மிகைப்பு 3.18க்குப் பதிலாக 1.97 என்று வரும். இரண்டு டிகிரியில் இவ்வளவு வேறுபாடு. பல பெட்டிகள் செய்தால் எல்லாவற்றிலும் அளவி ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

மாட்டும் இடம்: தரையிலிருந்து மூன்று மீட்டராவது உயரம், நேர் வெயில் படாமல், சுவரை ஒட்டாமல். சமையலறைப் புகைபோக்கி, பூஜை அறை சன்னல், ஜெனரேட்டர், ஏ.சி.யின் வெளிப்பெட்டி இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஊரின் காற்றுக்குப் பதில் உங்கள் வீட்டுத் தாளிப்பை அளப்பீர்கள்.

எதை எழுதி வைப்பது

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாரை எழுப்புங்கள். முதல் 30 நொடி விசிறி நிலைப்பட வேண்டும். அந்த அளவுகள் வேண்டாம். அடுத்த 30 நொடியின் சராசரியைப் பதியுங்கள். கூடவே வெப்பம், ஈரப்பதம், நேரம், பெட்டியின் எண். திருத்திய எண்ணை மட்டும் சேமித்து மூல எண்ணை விட்டுவிடுவது பெரும் பிழை. நாளைக்கு நல்ல திருத்தம் கிடைத்தால் பழைய தரவை மீட்க வழியிருக்காது.

பி.எம்.எஸ்.5003 பி.எம். 2.5க்கு இரண்டு எண்கள் தரும். ஒன்று தொழிற்சாலைத் துகளுக்கு உரியது, மற்றது ‘வெளிக்காற்று’ என்று பெயரிட்டது. ஏறக்குறைய 30 மைக்ரோகிராம் வரை இரண்டும் ஒன்று. மாசு மிகும்போது பின்னது முன்னதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் பதிந்துவிட்டு, தீபாவளி இரவில் இரு தெருக்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெருவில் இருக்காது. இரண்டையும் பதியுங்கள், திருத்தம் செய்யும்போது தொழிற்சாலைத் துகளுக்கு உரிய எண்ணை எடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். இணையத்திலிருந்து இ.எஸ்.பி.32 எடுப்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்ட மறந்தால் காலை எட்டரை மணி நெரிசல் விடிகாலை மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தல்

இது இல்லாமல் செய்யும் எந்த அளவீடும் அரைகுறைதான். முதலில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்தில், கை எட்டும் தூரத்துக்குள், ஒரு வாரம் ஓட விடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். 100 மைக்ரோகிராம் வரை இரு சென்சார்களுக்கிடையே 10 மைக்ரோகிராம் வேறுபாட்டைத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். ஆகவே இரு தெருக்களுக்கிடையே 6 வேறுபாடு வந்தால், இந்த ஒரு வாரத் தரவு இல்லாமல் அதற்குப் பொருளே கிடையாது.

அடுத்து அரசு நிலையத்தின் அருகில், 30 நாளாவது. நிலைய வளாகத்தில் அனுமதி கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் சில நூறு மீட்டருக்குள், நடுவே பெருஞ்சாலை இல்லாத ஒரு மொட்டை மாடி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அந்த நிலையத்தின் மணிக்கணக்குத் தரவு இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தரவையும் மணிச் சராசரியாக்குங்கள். ஒரு மணியில் வர வேண்டிய பதிவுகளில் முக்கால் பங்காவது இல்லையென்றால் அந்த மணியை விட்டுவிடுங்கள். நிலையத் தரவில் ‘எட்டு மணி’ என்பது எட்டில் தொடங்கும் மணியா, முடியும் மணியா என்று பாருங்கள். ஒரு மணி முன்னும் பின்னும் நகர்த்தி எதில் பொருத்தம் கூடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு விரிதாளில் ஒரு நேர்கோட்டுப் பொருத்தம்: நிலையத்தின் அளவு = அ + ஆ × சென்சார் + இ × ஈரப்பதம். முதல் 20 நாளை வைத்து அ, ஆ, இ கண்டுபிடியுங்கள். அடுத்த 10 நாளில் அது பலிக்கிறதா என்று சோதியுங்கள். கண்டுபிடிக்கப் பயன்படுத்திய தரவிலேயே சோதித்தால் எப்போதும் நன்றாகத்தான் வரும்.

பிறர் கண்ட எண்களை அப்படியே எடுக்கலாமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, பி.எம்.எஸ்.5003 உள்ள பர்ப்பிள் ஏர் கருவிகளுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது: 0.524 × சென்சார் − 0.0862 × ஈரப்பதம் + 5.75. நம் பழைய எடுத்துக்காட்டில் 80ம் 90ம் போட்டால் 40 வருகிறது. நீர் ஈர்ப்புச் சூத்திரம் 25 என்றது. ஒரே அளவுக்கு இரண்டு விடை. எது எண்ணூர்ப் பக்கத்துக் காற்றுக்குப் பொருந்தும் என்று சூத்திரம் சொல்லாது, பக்கத்தில் வைத்துப் பார்த்த தரவுதான் சொல்லும். ஜூனில் செய்த பொருத்தம் டிசம்பரில் பிசகும் என்பதால் மழைக்காலத்திலும் ஒருமுறை செய்ய வேண்டும்.

எண்ணைப் படிப்பது

இந்திய வரம்பு பி.எம். 2.5க்கு 24 மணிச் சராசரி 60, ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தவை 15ம் 5ம். இவை எல்லாம் சராசரிகள். சென்சார் இந்த நிமிடம் 150 காட்டுகிறது என்பதற்காக ‘மிக மோசம்’ என்று எழுதக் கூடாது. இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் அந்தப் படிக்கு 24 மணிச் சராசரி 120ஐத் தாண்ட வேண்டும், அதற்கும் 16 மணி நேரத் தரவாவது வேண்டும்.

சென்சார் உண்மையிலேயே வலுவாக இருப்பது ஒப்பீட்டில். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்ததுபோல ஒன்று நடந்தால், புகை எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு விலகியது என்று நான்கு பெட்டிகள் சேர்ந்து சொல்லிவிடும். பள்ளி வாசலில் வாகனங்களை நிறுத்தவிடாமல் செய்த வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் ஒப்பிடலாம்; அப்போதும் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்டி மாற்றமில்லாத இடத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கடற்காற்று செய்ததை நீங்கள் செய்ததாக எழுதிவிடுவீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலையைத் துடைத்து, பெட்டிகளை மறுபடி ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். லேசர் மங்கும், ஒளிக்கண்ணில் தூசி படியும், கடலோரத்தில் முனைகள் துருப்பிடிக்கும். விசிறி கரகரத்தால் சென்சாரை மாற்றும் காலம் வந்துவிட்டது. பழையதைக் கழற்றும் முன் புதியதை ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே ஓட விடுங்கள். இல்லையென்றால் கழற்றிய நாளில் வரைபடத்தில் விழும் படிக்கட்டு காற்றில் வந்ததா, கருவியில் வந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.